புலி பார்க்கப் போனோம்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பஞ்சப்படியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் கூலியைப் பற்றியும்தான் எழுதி வருகிறோம். இந்த வாரம் புலியைப் பற்றி எழுதுகிறோம். "கட்சிப் பத்திரிகையில் புலிக்கு என்ன வேலை?" என்று கேட்கப் போகும் தோழர்கள், முழுவதையும் படித்துவிட்டு அதன் பிறகு எங்களைக் கண்டிக்கும்படி வேண்டுகிறோம்.

போனஸ் பேச்சுவார்த்தை முடிந்த மறுவாரம் கோவை வட்டாரத்தில் ஒரு நூற்பாலைச் சங்கத்தின் கிளைக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடியும் தறுவாயில், டாஃபர் வேலை பார்க்கும் இளந்தோழர் ஒருவர் எழுந்தார். "வருஷா வருஷம் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போறமுங்க. இந்தத் தடவை முதுமலைக்குப் போயிப் புலி பாத்துட்டு வரலாமுங்களா?" என்று கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "ஏனப்பா, மேஸ்திரியைப் பாக்கறது பத்தலையா?" என்றார் ஒருவர். இளந்தோழர் விடவில்லை. "ஆபீசர் வீட்டுப் பிள்ளைங்க போயிப் பாத்துட்டு வந்து செல்போன்ல காட்டறாங்க. நாம பாத்தாப் புலி கோவிச்சுக்குமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நியாயமான கேள்வி. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மிச்ச எட்டு மணி நேரம் மனிதன் மனிதனாக வாழ்வதற்கு என்ற கோரிக்கையிலிருந்துதான் மே தினமே பிறந்தது. காட்டையும் அருவியையும் பார்ப்பது அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தைச் சேர்ந்தது. பணம் படைத்தவன் பார்த்தால் ரசனை, பாட்டாளி பார்த்தால் வீண் செலவு என்று நம் ஆட்களிலேயே சிலர் பேசுகிறார்கள். நாம் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் சேர்த்து, 22 பேர் ஒரு வேனில் கிளம்பினோம். 17 பேர் மில் தொழிலாளர்கள். நான்கு பேர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து விவசாயத் தொழிலாளர் சங்கத்தார். அவர்களில் மூவர் பெண்கள். மிச்சம் ஓர் ஆள், இதை எழுதுகிற நாம்தான்.

வழிப் பயணத்தை விவரிக்கத் தேவையில்லை. 2024 மே மாதம் வந்த இ-பாஸ் விதிக்காக ஒரு தோழரின் மகள் செல்போனில் அரை மணி நேரம் மல்லுக்கட்டியதும், ஊட்டி மலை ஏறும்போது இரண்டு பேர் வாந்தி எடுத்ததும் தவிர விசேஷம் எதுவும் இல்லை. கூடலூரில் தோட்டத் தொழிலாளர் தோழர்கள் படுக்க இடமும் சூடான கஞ்சியும் கொடுத்தார்கள். விடியற்காலையில் தெப்பக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முதுமலை 1940-ல் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 2007-ல் புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். சுற்று வட்டத்தையும் சேர்த்தால் 688-க்கு மேல். 2022 கணக்கெடுப்பின்படி காப்பகத்துக்குள் 114 புலிகள். "அத்தனை இருக்கே, ஒண்ணாச்சும் வராதா?" என்று எல்லோருக்கும் நம்பிக்கை. காட்டிலாகா வண்டியில் டிக்கெட்டு வாங்கி ஏறினோம். இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, தின்பண்டம் எறியக் கூடாது என்று வண்டி ஓட்டுபவர் சொன்னார்.

புள்ளிமான் கூட்டம் கூட்டமாக நின்றது. மயில் இருந்தது. காட்டெருது ஒன்று மூங்கில் புதர் ஓரத்தில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தது. கணக்குப் பார்க்கிற முதலாளி பார்வை. தூரத்தில் ஓர் ஒற்றை ஆண் யானை. ஓரிடத்தில் வண்டி நின்றது. ஈர மண்ணில் கால் தடம். நம் உள்ளங்கையைவிடப் பெரிது. அந்த நேரத்தில் உள்ளே எங்கேயோ ஒரு புள்ளிமான் விட்டு விட்டுக் கத்தியது; மரத்து மேலிருந்து குரங்கும் இருமுவதுபோல் குரல் கொடுத்தது. புலியைக் கண்டால் இவை இப்படித்தான் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளும் என்று ஓட்டுநர் காதோடு சொன்னார். எங்கள் ஆட்களுக்கு இது உடனே விளங்கிவிட்டது. டிபார்ட்மெண்டுக்குள் ஆபீசர் நுழைந்தால் முதல் ஃபிரேமில் நிற்பவர் இருமுவார், அடுத்த ஃபிரேம் உஷாராகும். பத்து நிமிஷம் மூச்சு விடாமல் காத்திருந்தோம். புலி வரவில்லை.

ரிங் ஃபிரேமில் முப்பது வருஷம் சைடராக இருக்கும் மூத்த தோழர் ஒருவர் எங்களோடு இருந்தார். அவருக்கு ஒரு காது அநேகமாகக் கேட்காது. வண்டி திரும்பும்போது அவர் உரக்கச் சொன்னார்: "முப்பது வருஷமா மெஷின் சத்தத்துல காது போச்சு. அங்க ஒருத்தனும் 'சத்தம் போடாதே'ன்னு போர்டு வெக்கலை. புலிக்கு இருக்கற சட்டம் நமக்கு இல்லை பாத்துக்கங்க."

வண்டியே குலுங்கும்படி எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் இறங்கி நடக்கையில் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. இந்தக் கட்டுரை அந்த உறுத்தலிலிருந்து வந்ததுதான்.

மூத்த தோழர் சொன்னதில் பாதி முழு உண்மை. மில்லில் சத்தத்துக்கும் பஞ்சுத் தூசுக்கும் காவல் இல்லை. அது மில் முதலாளியின் குற்றம், ஃபாக்டரிச் சட்டத்தை அலமாரியில் பூட்டிவைத்திருக்கும் சர்க்காரின் குற்றம். புலியின் குற்றம் எப்படி ஆகும்? நம் காதைப் பறித்தவனை விட்டுவிட்டு, காட்டில் தன் பாட்டுக்குத் திரியும் ஒரு மிருகத்தின் மேல் நம் கோபம் போய் விழுகிறது என்றால், அதில் லாபம் யாருக்கு? யோசிக்க வேண்டும்.

தெப்பக்காட்டுப் பாலத்தில் நின்றபோது, கீழே ஓடும் ஆறு எது என்று கோபிப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டார். மோயாறு என்றோம். "அது எங்க போகுது?" என்றார். இங்கேதான் தோழர்களே, புலியின் கதையும் நம் கதையும் ஒன்றாகச் சேர்கின்றன.

பைக்காரா ஆறுதான் மலையிலிருந்து இறங்கி மோயாறு ஆகிறது. 1932-ல் பைக்காராவில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னும் கோவையில் சில மில்கள் உண்டு. ஆனால் அந்த மலை மின்சாரம் இறங்கி வந்த பிறகுதான் ஊரைச் சுற்றி வரிசையாகப் புகைபோக்கிகள் முளைத்தன. நம் பாட்டன்மார் ஏர்க்காலை விட்டுவிட்டு மில் வாசலில் வந்து நின்றதற்கு இந்த ஆறும் ஒரு காரணம். மோயாறு காடு வழியாகவே ஓடி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. 1955-ல் கட்டி முடிந்த அந்த அணையிலிருந்து கீழ்பவானிக் கால்வாய் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. கோபிப் பக்கத்துப் பழைய வாய்க்கால்களுக்கும் அதே பவானித் தண்ணீர்தான்.

"அட, எங்க வாய்க்காத் தண்ணியா இது!" என்று அந்த அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அணையில் தண்ணீர் இருந்தால் நடவு உண்டு. நடவு இருந்தால் அவருக்குக் கூலி உண்டு. அணை வற்றின வருஷங்களில் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கு ஓடியதை அவர் மறக்கவில்லை.

ஆற்றுக்குத் தண்ணீர் கொடுப்பது மேலே இருக்கும் காடும் புல்வெளியும். மழையை ஒரேயடியாக உருட்டிவிடாமல் மண்ணில் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுவது அவைதான். அந்தக் காட்டில் மானும் பன்றியும் அளவோடு இருந்தால்தான் புல்லும் கன்றும் தழைக்கும். அவற்றை அளவோடு வைப்பது புலியும் சிறுத்தையும் செந்நாயும். ஒரு புலிக்குச் சராசரி வாரத்துக்கு ஒரு பெரிய இரை வேண்டும். வருஷத்துக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஒரு காட்டில் புலி குட்டி போட்டு வாழ்கிறது என்றால் மான் உண்டு, மானுக்குப் புல் உண்டு, புல்லுக்குக் கீழே ஈரம் உண்டு என்று அர்த்தம். இன்னொரு அக்கா சொன்னதும் குறிப்பிடத்தக்கது: "எங்க பக்கம் மக்காச்சோளத்தைப் பன்னி உழுதுட்டுப் போகுது. புலி இருக்கற காட்டுலதான் பன்னி அடங்கி இருக்கும்போல." படிப்பே இல்லாத தோழி. காட்டிலாகாவின் அறிக்கை பத்துப் பக்கத்தில் சொல்வதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஆகவே, புலியா மனிதனா என்று கேட்கிறவனிடம் முதலில் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது: எந்த மனிதன்?

புலியை அழித்தது யார்? காட்டில் தேன் எடுத்துக் கிழங்கு தோண்டிப் பிழைத்தவனா? ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911-ல் டில்லி தர்பாருக்கு வந்தவர், நேபாளத்துக்கு வேட்டைக்குப் போனார். அவருடைய கோஷ்டி பத்தே நாளில் 39 புலிகளைச் சுட்டது. மத்திய இந்தியாவில் சுர்குஜா மகாராஜா ஆயிரத்துக்கு மேல் சுட்டதாகத் தாமே கணக்குச் சொல்லிக்கொண்டார். வெள்ளை சர்க்கார் புலித் தலைக்கு இனாம் வைத்தது. நீலகிரியிலோ, 1879-லேயே வேட்டை மிருகங்களையும் மீனையும் காக்க ஒரு சட்டம் போட்டார்கள். கருணையினால் அல்ல; துரைமார் வேட்டையாட மிச்சம் வேண்டும் என்பதற்காக. துரை சுட்டால் அது விளையாட்டு. குறும்பன் வயிற்றுக்காகக் கண்ணி வைத்தால் அது குற்றம். காட்டை வெட்டித் தேக்கையும் தேயிலையையும் நட்டதும் அவர்கள்தாம்.

சுதந்திரம் வந்த பிறகும் வேட்டை நிற்கவில்லை. பணக்கார வெளிநாட்டாரை அழைத்துவந்து புலி சுட வைக்கும் கம்பெனிகளே நடந்தன. 1972-ல் எண்ணிப் பார்த்தபோது நாடு முழுவதிலும் 1,827 புலிகள்தாம் தேறின. அந்த ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரலில் ஒன்பது காப்பகங்களோடு புலித் திட்டம் தொடங்கியது. இதை நாம் குறைத்துப் பேச மாட்டோம். நல்ல காரியம். 2006-ல் கேமரா வைத்துச் சரியாக எண்ணியபோது 1,411 என்று இறங்கியிருந்த கணக்கு, 2022-ல் 3,682 என்ற மதிப்பீட்டுக்கு உயர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 306. நம்முடைய விரல் ரேகைபோல் ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. படத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டு எண்ணுகிறார்கள். உலகத்தில் பல நாடுகள் புலியை அடியோடு இழந்துவிட்ட காலத்தில் நம் நாடு இதைச் சாதித்தது.

ஆனால் யாருடைய செலவில் என்ற கேள்வி இருக்கிறது.

ராஜஸ்தானத்தில் சரிஸ்கா என்றொரு காப்பகம். வேலியும் காவலும் சட்டமும் எல்லாம் இருந்தன. 2005-ல் பார்த்தால் அங்கே ஒரு புலிகூட இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் துடைத்துவிட்டிருந்தார்கள். உள்ளூர் ஜனங்களைப் பகைத்துக்கொண்டு, துப்பாக்கியை மட்டும் நம்பிக் காவல் காத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது பாடம். இதற்கு மாறான பாடம் நமக்கு வெகு பக்கத்திலேயே உண்டு. சத்தியமங்கலம் காட்டை ஒட்டிக் கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை. அங்கே சோளகர் மக்களின் கிராம சபைகள் பலவற்றுக்கு 2011-ல் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. ஜனங்கள் காட்டுக்குள்ளேயே இருந்தார்கள். 2010-ல் சுமார் 35 ஆக இருந்த புலிகள் 2014-ல் 68 ஆயின. புலியும் ஆதிவாசியும் ஒரு காட்டில் வாழ முடியாது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும்.

அதே சமயம், புலி ஆளைக் கொல்லும்போது நாம் கண்ணை மூடிக்கொள்வதும் பொய். கூடலூர்த் தோழர்கள் இரவெல்லாம் அதைத்தான் பேசினார்கள். 2021-ல் டி-23 என்று காட்டிலாகா எண் கொடுத்த புலி, கூடலூர், மசினகுடி வட்டாரத்தில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. செப்டம்பர் கடைசியில் ஒரு தோட்டத் தொழிலாளி; ஒரு வாரத்துக்குள் மசினகுடியில் மாடு மேய்க்கப் போன முதியவர். கொழுந்துக்கூடையோடு வரிசையில் இறங்கும் பெண்கள் வேலைக்குப் போக மறுத்தால் சம்பளம் போகும். போனால் உயிர் போகலாம். ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். "சுடு" என்றார்கள். சர்க்கார் முதலில் வேட்டைக்கு உத்தரவு போட்டது. உடனே கொல்லாதே, உயிரோடு பிடிக்கப் பார் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 21 நாள் தேடினார்கள். ட்ரோன் பறந்தது, கும்கி யானைகள் வந்தன, மோப்ப நாய் வந்தது. தடம் பார்த்து வழி காட்டியவர்களில் முதுமலை ஆதிவாசிகளும் இருந்தார்கள். அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள்.

அந்த நாட்களில் "சுடு" என்று கேட்ட தோட்டத் தொழிலாளியை நாம் குறை சொல்ல மாட்டோம். பட்டணத்தில் உட்கார்ந்து அவர்களுக்கு ஜீவகாருண்யம் போதித்த பெரிய மனிதர்கள் மறுநாள் அந்தத் தேயிலையைத்தான் குடித்திருப்பார்கள். பிடித்த விதத்தையும் நாம் குறை சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு. லைன் வீட்டிலிருந்து கக்கூசுக்கு இருட்டில் புதர் வழியாக நடக்க வேண்டிய நிலை ஏன்? வீட்டுக்குள் கழிப்பறை, வழியில் விளக்கு, கொழுந்து எடுக்கும் காட்டை ஒட்டிய புதரை வெட்டிவிடுதல், காவலுக்கு ஆள், இவையெல்லாம் தோட்ட நிர்வாகம் செலவழிக்க வேண்டிய காரியங்கள். இலங்கையிலிருந்து 1964 சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தத்தின் பேரில் கொண்டுவந்து இந்த மலையில் இறக்கப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் இன்னும் அதே லைன் வீடுகளில் இருக்கிறார்கள். வயதாகி வேட்டையாட முடியாத, காயம்பட்ட புலி பெரும்பாலும் சுலபமான இரையைத் தேடும். தொழிலாளியைச் சுலபமான இரையாக வெளியில் நிறுத்தியது யார்?

புலியின் பெயரால் வெளியேறச் சொல்லப்படுகிறவர்கள் யார் என்பதற்கு வருவோம். 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. நாடு முழுவதும் காப்பகங்களின் மையப் பகுதிகளில் 591 கிராமங்கள், 64,801 குடும்பங்கள் மிச்சம் இருக்கின்றன. அவர்களை வெளியேற்றும் வேலைக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று. குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய். பெரிய தொகையாகத் தோன்றும். காட்டை விட்டு வந்த குறும்பனுக்கும் பணியனுக்கும் கூடலூர்ப் பக்கம் வெளியில் நிலம் என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். முதுமலையிலிருந்து வெளியேறியவர்களில் சிலருக்கு நிலம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணத்தைச் சுருட்டியதாகப் போலீசில் வழக்கே பதிவாயிற்று.

மோயாற்றுக்கு அக்கரையில் தெங்குமரஹாடா கிராமம். 1948-ல் சோற்றுக்குப் பஞ்சமான காலத்தில் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் வைத்துக் காட்டைத் திருத்தி நெல் விளைவித்தார்கள். அன்று அது தேச சேவை. 2023-ல் அவர்களை இடம் மாற்றும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே எல்லோரும் ஒரே மனதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலம் கட்டித் தராததால் பிள்ளைத்தாய்ச்சியைக்கூடப் பரிசலில் ஏற்றி ஆற்றைக் கடக்கிற ஊர் அது. "எங்களை நல்ல இடத்தில் வையுங்கள், போகிறோம்" என்பாரும் உண்டு. மனதார வெளியேற விரும்புகிறவனை நாம் தடுக்கப் போவதில்லை. ஆனால் பாலம் இல்லை, பஸ் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்று ஐம்பது வருஷம் வைத்திருந்து, கடைசியில் அவன் வாயாலேயே "போகிறேன்" என்று சொல்ல வைப்பதற்குப் பெயர் சம்மதமா?

இன்னொரு பக்கம் விடுதிக்காரர்கள். சீகூர்ப் பீடபூமியில் யானை வழித்தடத்தை மறித்துக் கட்டிய விடுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. 2018-ல் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஆதிவாசிக் குடிசை ஒரே கடிதத்தில் காலியாகிறது. விடுதிக்குப் பத்து வருஷம் வக்கீல் பேசுகிறார். 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு யானையின் மேல் எரியும் துணியை எறிந்தார்கள். அந்த யானை செத்தே போயிற்று. அதற்காகக் கைதானவர்கள் தேன் எடுக்கிற ஆதிவாசிகள் அல்ல.

காட்டிலாகாவை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பதற்கு வாச்சாத்தி ஒன்றே போதும். 1992 ஜூன் 20-ல் அந்த மலைக் கிராமத்தில் நடந்த கொடுமைக்காக, குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேரும் 2011-ல் தண்டிக்கப்பட்டார்கள். 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர்களில் பெரும்பகுதி காட்டிலாகாவினர். நம் தோழர்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் முப்பது வருஷம் நடந்து பெற்ற தீர்ப்பு அது.

ஆயினும் அந்த இலாகாவின் கடைசிப் படியில் நிற்பவனையும் பார்க்க வேண்டும். வேறொரு காட்டோரத்து டீக்கடையில் ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரைச் சந்தித்தோம். எந்தச் சரகம் என்பதை எழுதப் போவதில்லை. ஆதிவாசி இளைஞர். கையில் கம்பு, காலில் ரப்பர் செருப்பு. காட்டுக்குள் முகாமில் பத்து நாள், வெளியில் சில நாள். கேமராவைக் கட்டுவதும், கார்டைக் கழற்றி வருவதும், தீ வைத்தால் அணைப்பதும், கள்ள வேட்டைக்காரன் வந்தால் எதிரில் நிற்பதும் அவர்தான். 3,682 என்று டில்லியில் படிக்கப்படும் கணக்கு இவர்களைப் போன்றவர்களின் கால் நடையால் வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் தற்காலிகம். "நிரந்தரம் கேட்டீங்களா?" என்றோம். "கேட்டா, நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டா என்னங்க பண்றது?" என்றார். எங்களோடு வந்த டாஃபர் தோழர் தன் டீயை வைத்துவிட்டு, "ஏனுங்கண்ணா, நானும் நாலு வருஷமா அப்ரெண்டிஸ்தானுங்க" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் வெகு நேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் குறுக்கிடவில்லை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2002 மே மாதம் மத்திய சர்க்கார் ஆக்கிரமிப்பு என்று சொல்லிக் காட்டு மக்களை நாடு முழுவதும் விரட்டக் கிளம்பியது. அதை எதிர்த்து எழுந்த போராட்டங்களும், அப்போது பார்லிமெண்டில் இடதுசாரிகளுக்கு இருந்த பலமும் சேர்ந்துதான் 2006 வன உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தன. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? முதலில் அந்தக் காட்டில் உரிமைகளை அங்கீகரிக்கும் வேலை முடிய வேண்டும். பிறகு, சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்று நிலைநாட்ட வேண்டும். அதற்கும் பிறகு, கிராம சபை விவரம் தெரிந்து, தன் விருப்பத்தோடு எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அதன் பின்புதான் ஒரு குடும்பத்தையாவது அசைக்கலாம். புலிகள் காப்பகத்துக்கும் இது பொருந்தும்.

ஏட்டில் இருக்கிறது. நாட்டில்? தமிழ்நாட்டில் ஓர் இடைக்கால உத்தரவைக் காரணம் காட்டி 2008 தொடங்கிப் பல ஆண்டுகள் பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்தது. தடை 2016-ல் நீங்கியது. அதற்குப் பிறகும் மனுக்கள் ஆமை வேகத்தில் நகர்வதற்கு அதிகாரிகளை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நமக்கும் பங்கு உண்டு. மலையில் ஊர்வலம் நடத்தினோம், தீர்மானம் போட்டோம், கீழே இறங்கி வந்துவிட்டோம். ஒவ்வொரு குடிசையிலும் உட்கார்ந்து படிவம் எழுதிக் கொடுத்தோமா? சில இடங்களில் செய்தோம். பல இடங்களில் செய்யவில்லை. சட்டம் வாங்கித் தந்துவிட்டோம் என்ற பெருமிதத்திலேயே வருஷங்கள் ஓடின.

கூடலூர்த் தோழர்கள் இதை முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நமக்குப் பதில் சொல்ல வாயில்லை.

படிவம் கஷ்டமான காரியம் அல்ல. தனி ஆள் நிலத்துக்கு ஒரு படிவம். தேன், மூங்கில், மேய்ச்சல், மீன், கோயில் வழி போன்ற ஊர்ப் பொது உரிமைக்கு ஒன்று. காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு ஒன்று. இரண்டு சான்றுகள் வேண்டும். பட்டா, ரசீது ஏதும் இல்லாதவன் என்ன செய்வான் என்று பயப்பட வேண்டாம். ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்கினால் அதுவும் சான்று. பாட்டன் புதைந்த இடம் சான்று. சாமி கல் சான்று. கிணறும் பழைய குடிசை மேடும் சான்று.

திரும்பி வரும் வழியில், மேட்டுப்பாளையத்தில் வண்டி நின்றபோது, இதையெல்லாம் தோழர்களிடம் சொன்னோம். எழுதப் படிக்கத் தெரிந்த நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு வர வேண்டும், பஸ் கட்டணம் சங்கம் கொடுக்கும், சோற்றுக்குக் கூடலூர்த் தோழர்கள் பொறுப்பு என்றோம். டாஃபர் தோழர் உடனே கை தூக்கினார். ரோவிங் பகுதியில் வேலை செய்யும் அக்கா ஒருவர், பத்தாவது வரை படித்தவர், "எனக்குக் கையெழுத்து நல்லா இருக்குமுங்க" என்று பெயர் கொடுத்தார். கோபி அக்காக்களில் ஒருவர், தமக்கு எழுத வராது, ஆனால் பெரியவர்களைப் பேசவைக்கத் தெரியும் என்றார். அந்த வேலைக்கு அதைவிட நல்ல தகுதி வேறு இல்லை.

சைடர் தோழர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நம் பக்கம் நல்ல காதைத் திருப்பி, "நானும் வர்றேனுங்க. இந்தத் தடவையாச்சும் புலி கண்ணுல படுதான்னு பாக்கலாம்" என்றார்.

முதல் குழு வருகிற மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறது. இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வர விரும்பும் தோழர்கள் தத்தம் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். பேனாவும் ரேகை மையும் நாம் கொண்டுவருகிறோம்; கம்பளி அவரவர் கொண்டுவர வேண்டும்.